சுரண்டப்பட்ட சுவர்கள்

தேம்சு, செவர்ன், ஏவன் முதலிய ஆறுகளின் கரையில் அமைந்த ஆங்கிலேயச் சந்தை நகரங்களில் வீடு விற்கும் தரகர்களின் விளம்பரங்களுக்கென்று ஒரு தனி நடை உண்டு. ‘கலை-கைவினை இயக்கக் காலத்துக் குடும்ப இல்லம், பழைய பொலிவுக்கு மீட்டமைக்கப்பட்டது’ என்னும் பொருள்படும் தொடரே அந்நடையின் மணிமுடி. ஓக் மரப் படிக்கட்டு, ஈயப் பட்டையில் பொருத்திய வண்ணக் கண்ணாடிச் சாளரம், இருமருங்கும் இருக்கை அமைந்த கணப்பு மாடம், ஆற்றை நோக்கிச் சரியும் தோட்டம் என அதன்பின் பெருமைகள் அடுக்கப்படும். இறுதியில் விலை வரும். அத்தொடரில் ஒரு முரண் பொதிந்து கிடப்பதை விற்பவரும் எண்ணுவதில்லை, வாங்குபவரும் எண்ணுவதில்லை. கலை-கைவினை இயக்கத்தின் தந்தை எனப் போற்றப்படும் வில்லியம் மோரிஸ் தம் வாழ்நாளில் மிகவும் வெறுத்த சொற்களுள் ஒன்று ‘மீட்டமைத்தல்’ என்பதாகும்.

அவ்வெறுப்புப் பிறந்த இடங்களும் ஆற்றங்கரைச் சந்தை நகரங்களே. 1876ஆம் ஆண்டில் விண்ட்ரஷ் ஆற்றின் கரையிலுள்ள பர்ஃபோர்டு நகரின் தேவாலயத்தில் நடைபெற்ற பணியைக் கண்டு அவர் சினந்தார். அடுத்த ஆண்டு, செவர்ன் ஆறும் ஏவன் ஆறும் கூடுமிடத்தில் உள்ள டியூக்ஸ்பரி நகரின் பழம்பெரும் தேவாலயம், கில்பர்ட் ஸ்காட் என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞரின் கையில் சிக்கியிருப்பதை அறிந்து, ‘அத்தினியம்’ இதழுக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். 1877 மார்ச்சுத் திங்களில் எழுதப்பட்ட அக்கடிதத்தின் விளைவாக அதே திங்களிலேயே பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் தோன்றிற்று. டியூக்ஸ்பரியில் பணி நிற்கவில்லை என்பது வேறு கதை. ஆயினும் அன்று தோன்றிய சங்கம் இன்றளவும் உயிரோடு இயங்கி வருகிறது.

அக்காலத்து மீட்டமைப்பாளர் செய்தது யாது? ஒரு தேவாலயத்தைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒரு தலைமுறை எழுப்பியிருக்கும். பதினைந்தாம் நூற்றாண்டில் வேறொரு தலைமுறை சாளரம் வைத்திருக்கும். பதினேழாம் நூற்றாண்டில் மற்றொரு தலைமுறை மர இருக்கைகளைச் செய்து போட்டிருக்கும். மீட்டமைப்பாளர் வருவார், இவற்றுள் ஒரு காலத்தை மட்டும் தூயதெனத் தாமே தேர்ந்துகொள்வார், ஏனைய காலங்களின் வேலையைப் பெயர்த்தெறிவார், சுவரின் பழைய சாந்தைக் கல் தெரியும்வரை சுரண்டுவார், பின்னர்த் தாம் கற்பனை செய்த பழமையைப் புதுக்கல்லில் செதுக்கி வைப்பார். இச்சுரண்டும் தொழிலை எள்ளியே மோரிஸின் சங்கத்துக்கு ‘ஆன்டி-ஸ்கிரேப்’ என்ற செல்லப்பெயர் வழங்கலாயிற்று. தமிழில் சொல்வதாயின் அது சுரண்டல் எதிர்ப்புச் சங்கம்.

தமிழில் அச்சொல் இன்னும் ஆழமாகப் பொருந்துகிறது. சுவரின் மேற்பூச்சைக் கீறி எடுப்பதும் சுரண்டல். உழைப்பவனின் பயனைப் பிறர் கவர்ந்துகொள்வதும் சுரண்டல். ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் வெவ்வேறு சொற்கள். ஆனால் மோரிஸின் வாழ்வில் இவை ஒரே பகையின் இரு முகங்களாக இருந்தன. 1877இல் சுவர்களுக்காக வழக்காடியவர் 1883இல் சமவுடைமை இயக்கத்தில் சேர்ந்து தெருமுனைகளில் நின்று தொழிலாளர்களுக்காக முழங்கினார். பழைய கட்டடத்தின் மதிப்பு அதன் அழகில் மட்டும் இல்லை. அதைக் கட்டியவன் தன் கையும் கருத்தும் ஒன்றிய நிலையில் வேலை செய்தான், அந்த உரிமையின் சான்றாக அக்கட்டடம் நிற்கிறது என்பது அவர் கொள்கை. சான்றைச் சுரண்டுபவன் உழைத்தவனையும் சுரண்டுகிறான். இதை மறந்துவிட்டு அவ்வியக்கத்தின் வீடுகளைப் பாராட்டுவது, மணப்பந்தலைப் பாராட்டி மணமக்களை மறப்பது போன்றதாகும்.

அவ்வீடுகள் எவ்வாறு எழுந்தன என்பதையும் பார்க்க வேண்டும். மோரிஸுக்காக அவர் நண்பர் பிலிப் வெப் 1859, 1860ஆம் ஆண்டுகளில் கென்ட் மாவட்டத்துப் பெக்ஸ்லிஹீத்தில் கட்டிய செங்கல் வீடு, ‘ரெட் ஹவுஸ்’ எனப் பெயர் பெற்றது. செங்கல்லின் மேல் வெண்பூச்சுப் பூசிக் கல்லெனக் காட்டும் பொய்மை அங்கு இல்லை. செங்கல் செங்கல்லாகவே நின்றது. நண்பர்கள் கூடிச் சுவர்களில் ஓவியம் தீட்டினர். நாற்காலி, பேழை, திரைச்சீலை ஆகியவற்றைத் தாமே வடிவமைத்தனர். அவ்வீட்டில் மோரிஸுக்கு இரு பெண்மக்கள் பிறந்தனர். அக்குடும்பம் அங்கு வாழ்ந்ததோ ஐந்தே ஆண்டுகள். பின்னர் வாய்சி, பேய்லி ஸ்காட், கிம்சன், பார்ன்ஸ்லி உடன்பிறப்புகள் என ஒரு பரம்பரை எழுந்தது. அருகில் கிடைக்கும் கல், அவ்வூர் மரம், வெளியே தெரியும் மரமுளை, கொல்லன் அடித்த கதவுப் பிடி என வேலை செய்தவனின் கை தெரிவதே அழகு என அவர்கள் வாதிட்டனர்.

இன்று அவ்வீடுகள் ‘மீட்டமைக்கப்படும்’ விதத்தை நோக்குமிடத்து, டியூக்ஸ்பரியின் கதையே மீண்டும் அரங்கேறுவதைக் காணலாம். கணப்பு மாடம் 1900ஆம் ஆண்டின் நிலைக்குத் திரும்புகிறது. சுவரில் மோரிஸின் இலைக்கொடிப் புனைவுகள் அச்சிட்ட தாள் ஒட்டப்படுகிறது. முன்பு ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு மரக்கட்டையாகச் செதுக்கிக் கையால் ஒற்றி எடுத்த புனைவுகள் அவை; இன்று பெரும்பாலும் பொறியில் சுருள் சுருளாக வெளிவருகின்றன. தேய்ந்த தரைப்பலகைகள் இழைப்புப் பொறியால் மழிக்கப்பட்டுப் பளபளக்கின்றன. இடையில் வாழ்ந்த மூன்று நான்கு தலைமுறைகளின் தடம், பிள்ளைகள் கதவு நிலையில் கீறிய உயரக் கோடுகள் உட்பட, குப்பை வண்டியில் ஏறுகிறது. குடும்ப இல்லம் என்று விளம்பரம் கூறுகிறது. அங்கு வாழ்ந்த குடும்பங்களையெல்லாம் சுரண்டி எறிந்த பிறகு எந்தக் குடும்பத்தின் இல்லம் அது?

இதில் நகைப்புக்குரிய செய்தி ஒன்றும் உண்டு. 1900ஆம் ஆண்டிற்குத் திரும்புவதாகச் சொல்பவர்கள் அவ்வாண்டின் எல்லாப் பகுதிக்கும் திரும்புவதில்லை. அவ்வீடுகளில் சமையற்காரியும் பணிப்பெண்ணும் இருந்தனர். பாத்திரம் துலக்கும் சிற்றறை, கூரைக்கடியில் குளிரும் படுக்கையறை, பின்பக்கத்து ஒடுக்கமான படிக்கட்டு ஆகியவை அவர்களுக்கென அமைந்தவை. மீட்டமைப்பில் முதலில் இடிபடுவன பெரும்பாலும் இச்சுவர்களே. இடித்த இடத்தில் அகன்ற சமையற்கூடம் தோன்றுகிறது. எசமானின் கணப்பு மாடம் வரலாறாம். பணிப்பெண்ணின் சிற்றறை வெறும் இடநெருக்கடியாம். எதை வரலாறென மதிப்பது என்னும் இத்தீர்ப்பு, ஸ்காட் தேவாலயங்களுக்கு வழங்கிய தீர்ப்பினின்று எவ்வகையில் வேறுபட்டது?

சுரண்டாமை எத்தகைய செல்வத்தைக் காக்கும் என்பதற்கு ரெட் ஹவுஸே சான்று. மோரிஸ் நீங்கிய பின் அவ்வீடு பல குடும்பங்களின் கைக்கு மாறியது. 2003இல் தேசிய அறக்கட்டளை அதை ஏற்றது. பத்தாண்டுக்குப் பின், படுக்கையறை ஒன்றில் சுவரோடு சேர்ந்த பெரும்பேழையின் பின்னால் சுவர்த்தாளுக்கடியில் விவிலிய மாந்தர் உருவங்கள் கொண்ட சுவரோவியம் வெளிப்பட்டது. மோரிஸும் அவர் நண்பர்களும் இளமையில் தீட்டியது அது. அது பிழைத்ததற்குக் காரணம் எளியது. பின்வந்த குடும்பத்தார்க்கு அவ்வோவியம் பிடிக்காமல் போயிருக்கலாம். அவர்கள் அதன்மேல் தாள் ஒட்டினர், பேழையை நிறுத்தினர், தம் வாழ்வை நடத்தினர். சாந்தைச் சுரண்டவில்லை. ‘முதல் நிலைக்கு மீட்போம்’ எனச் சூளுரைக்கும் ஒருவர் 1920இலோ 1950இலோ அங்குக் குடியேறியிருப்பின், எது முதல் நிலை என்பதை அறியாமலேயே அதை அழித்திருக்கக்கூடும்.

எதிர்வாதத்தையும் கேட்க வேண்டும். செல்வர் வாங்காவிடின் இவ்வீடுகள் இடிந்து வீழும் என்பர். மழை ஒழுகும் கூரையின் கீழ்க் கொள்கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது, குழந்தைகள் உள்ள குடும்பத்துக்குக் குளியலறை வேண்டாவா, வீடு என்ன அருங்காட்சியகமா என வினவுவர். இவ்வினாக்கள் நேர்மையானவை. ஆயின் இவற்றுள் ஒன்றேனும் மீட்டமைத்தலுக்குச் சான்றாகாது. கூரை ஒழுகினால் கூரையைச் செப்பனிட வேண்டும். குளியலறை வேண்டுமாயின் இக்காலத்துக் குளியலறை என நாணாமல் தெரியும்படி ஒன்றை அமைக்க வேண்டும். மோரிஸின் சங்கம் வற்புறுத்தியதும் இதுவே. கெட்டதை மட்டும் திருத்து; நல்லதைத் தொடாதே; புதிதாகச் சேர்ப்பது புதிதெனத் தெரியட்டும். அச்சங்கத்தின் வழிவந்த கொத்தர்கள் சிதைந்த கல்லுக்கு மாற்றாகப் போலிக்கல் செதுக்காமல், மெல்லிய ஓடுகளை அடுக்கிச் சுண்ணச்சாந்தில் பதித்து நிரப்பும் முறையை வளர்த்தனர். பார்ப்பவன் எவனும் பழையது எது, பிற்காலத்துச் செப்பம் எது எனக் கண்டுகொள்வான். ஒட்டுப்போட்ட சட்டை ஏழையின் அடையாளம் என எண்ணுவோர்க்கு அது பிடிக்காது.

செப்பனிடுதலும் மீட்டமைத்தலும் வெறும் சொல்வேறுபாடு எனக் கருதுவோர் சிமெண்டைப் பற்றி ஒரு கொத்தரிடம் பேசிப் பார்க்கட்டும். பழைய சுவரின் சுண்ணச்சாந்து கல்லைவிட மென்மையானது. சுவருக்குள் புகுந்த ஈரம் சாந்தின் வழியே வெளியேறி உலரும். கால ஓட்டத்தில் தேய்வது சாந்தாக இருக்கும், கல்லாக இராது. இணைப்பைக் கெட்டியாக்குவதாக எண்ணிச் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லுக்குள் தங்குகிறது. உறைபனிக் காலத்தில் கல்லின் முகம் பொரிந்து உதிர்கிறது. புதுக்கருக்கு மாறாமல் நிற்பது சிமெண்டு மட்டுமே. ஆற்றங்கரை நகரங்களில் நிலத்தடி ஈரமும் வெள்ளமும் மிகுதி. அங்கு இக்கேடு இன்னும் விரைவில் முற்றும். இதை அறிந்த கொத்தர் ஒருவர் அவ்வூரில் இருந்தால் வீடு பிழைக்கும். தரகரின் அகராதியில் அவருக்கு இடமில்லை.

லெச்லேடு என்பது தேம்சுக் கரையிலுள்ள ஒரு சந்தை நகரம். அதற்குக் கிழக்கே சிறிது தொலைவிலுள்ள கெல்ம்ஸ்காட் சிற்றூரின் பழைய பண்ணை வீட்டை 1871இல் மோரிஸ் வாடகைக்கு எடுத்தார். அவர் அதை ஒரு நாளும் மீட்டமைக்கவில்லை என்பது கருதத்தக்கது. ஏறத்தாழ மூன்று நூற்றாண்டு மூத்த அவ்வீட்டின் கோணலையும் தேய்வையும் அவ்வாறே ஏற்றுக் கொண்டார். அவர் மறைந்த பின் 1913இல் மனைவி ஜேன் அவ்வீட்டை விலைக்கு வாங்கினார். மகள் மே, தேர்ந்த பூத்தையற் கலைஞர், 1938இல் தாம் மறையும் வரை அங்கு வாழ்ந்தார். ஆக்ஸ்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்துக்கு அவர் எழுதி வைத்த வீடு 1962இல் தொல்பொருளறிஞர் சங்கத்தின் கைக்கு வந்தது. அப்போது அது பெரிதும் பழுதுற்றிருந்தது. 1964 முதல் 1967 வரை பெரும் செப்பப்பணி நிகழ்ந்தது; மற்றொரு பணி முடிந்து 2022இல் மீண்டும் மக்களுக்குத் திறக்கப்பட்டது. கவனத்தோடு செய்த பணிதான், பாராட்டுக்குரியது. ஆயினும் கயிறு கட்டிய அறைகளில் குடும்பம் இல்லை. செல்வரின் இல்லமாக ஆவதும், காட்சிக்கூடமாக ஆவதும் தவிர இவ்வீடுகளுக்கு வேறு கதி இல்லையா என்னும் வினா அங்கு எழாமல் இராது.

வேறு கதி இருந்தது. அதற்குச் சான்று பகரும் வீட்டில் ஒரு தமிழர் வாழ்ந்தார் என்பதைத் தமிழரே பெரிதும் மறந்துவிட்டனர். இலங்கைத் தமிழராகிய சர் முத்துக்குமாரசாமிக்கும் எலிசபெத் என்னும் ஆங்கிலப் பெண்மணிக்கும் மகனாக, டியூக்ஸ்பரிக் கடிதம் எழுதப்பட்ட அதே 1877இல் பிறந்தவர் ஆனந்த குமாரசாமி. இலங்கையில் கனிமவியல் ஆய்வுத் துறையின் தலைவராய் இருந்து திரும்பிய அவரும் மனைவி எதெலும் கிளாஸ்டர்ஷயரில், சிப்பிங் கேம்டன் என்னும் சந்தை நகரத்தை அடுத்த பிராட் கேம்டனில் குடியமர்ந்தனர். ‘சிப்பிங்’ என்னும் சொல்லே பழைய ஆங்கிலத்தில் சந்தையைக் குறிப்பதுதான். சிதைந்து கிடந்த நார்மன் காலத்துத் தேவாலயம் ஒன்றைக் கலை-கைவினை இயக்கத்துச் சார்லஸ் ஆஷ்பி அவர்களுக்காக வீடாக்கித் தந்தார். பழைய கல்வேலையை அழிக்காமல் புதிய பகுதியை அதனோடு இணைத்தார். கேம்டனில் அக்காலத்தில் அவ்வாறு செய்ய வல்ல கைகள் இருந்தன. 1888இல் கிழக்கு இலண்டனில் தாம் தொடங்கிய கைவினைக் குழாத்தை ஆஷ்பி 1902இல் குடும்பங்களோடு ஏறத்தாழ 150 பேராக அவ்வூருக்கு அழைத்து வந்திருந்தார். எதெலின் உடன்பிறந்தார் அக்குழாத்தில் அணிகலன் செய்பவராக இருந்தார். தச்சர், கொல்லர், வெள்ளி வேலையாளர், அச்சுக்கோப்பவர் ஆகியோர் அண்டை வீட்டார். வீடு அழகு பெற்றது அவர்களால். அவர்கள் உண்டது அத்தகைய வீடுகளால்.

மோரிஸ் தம் கெல்ம்ஸ்காட் அச்சகத்தில் பயன்படுத்திய கை அச்சுப்பொறியைக் குழாத்தினர் பெற்றிருந்தனர். அது பின்னர்க் குமாரசாமியின் பொறுப்பில் வந்தது. அதில்தான் ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் தம் பெருநூலை, 425 படிகளே கொண்ட பதிப்பாக, ஓராண்டுக்கு மேல் உழைத்து 1908இல் அவர் அச்சேற்றி முடித்தார். கண்டியின் நெசவாளரும் தந்த வேலையாளரும் ஓவியரும் ஆட்சியாளரின் புறக்கணிப்பாலும் பொறிச் சரக்காலும் நலிவதைச் சொன்ன நூல், இங்கிலாந்தின் கைவினைஞர் நலிவை எதிர்த்தவரின் அச்சுப்பொறியிலேயே உருப்பெற்றது தற்செயல் அன்று. 1905இலேயே கண்டித் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல் வரைந்தவர் அவர். கலைப்பொருளைக் காக்க வேண்டுமாயின் கலைஞன் வாழ வழி வேண்டும் என்பதை அவர் கேம்டனிலும் கண்டார், கண்டியிலும் கண்டார்.

நூல் அச்சேறிக் கொண்டிருந்த அதே வேளையில் கேம்டன் குழாம் வீழ்ந்தது. 1907, 1908ஆம் ஆண்டுகளில் அது கலைக்கப்பட்டது. அவர்கள் வடிவமைத்ததைப் போன்ற வெள்ளிப் பொருள்களை இலண்டன் வணிக நிறுவனங்கள் பொறியால் மலிவாகச் செய்து விற்றன. தொலைவிலிருந்த சிற்றூரினின்று அப்போட்டியைத் தாங்க இயலவில்லை. வெள்ளி வேலையாளர் ஜார்ஜ் ஹார்ட்டின் வழித்தோன்றல்கள் மட்டும் அதே பட்டாலைக் கட்டடத்தில் இந்நூற்றாண்டு வரை அத்தொழிலைத் தொடர்ந்துள்ளனர். குழாத்தினர் வாழ்ந்த கல்வீடுகள் அமைந்த காட்ஸ்வோல்டு வட்டாரத்தில் இன்று கைத்தொழிலால் பிழைக்கும் இளைஞன் ஒரு வீடு வாங்குவது ஏறத்தாழ இயலாத செயல். அக்கைவினைஞரின் பெயரே வீட்டின் விலையை உயர்த்துகிறது. அவ்விலையே அவர்கள் போன்றோரை ஊரை விட்டு விரட்டுகிறது. இரண்டாவது சுரண்டல் என்பது இதுவே.

மோரிஸ் குற்றமற்றவர் என்று வாதிடுவதற்கில்லை. டெவன் வட்டாரத்துச் செம்பு, பாடாணச் சுரங்கத்தின் பங்குகளில் வந்த பணத்தில் வளர்ந்தவர் அவர். 1870களில் அச்சுரங்க நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்து பின்னர் விலகினார். அவர் நிறுவனத்தின் பொருள்களை வாங்கும் வலிமை செல்வர்க்கே இருந்தது. செல்வரின் சொகுசுக்கு ஏவல் செய்கிறோமே என அவரே மனம் கசந்ததுண்டு. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. அவர் அம்முரண்பாட்டால் உறங்காதிருந்தார். இன்றைய மீட்டமைப்பாளர் அதன் மேலேயே மெத்தை விரித்து உறங்குகின்றனர்.

செல்வக் குடும்பம் ஒன்றும் வேறு விதமாக நடந்துகொள்ள முடியும் என்பதை ராட்மார்ட்டன் வளமனை காட்டுகிறது. பிடல்ஃப் குடும்பத்துக்காக எர்னஸ்ட் பார்ன்ஸ்லி 1909இல் தொடங்கிய அவ்வீடு 1929 வரை இருபது ஆண்டுகள் எழுந்தது. அப்பண்ணையின் மரத்தையே வெட்டி, அறுவைக் குழியில் கையால் அறுத்து, அவ்வூர்த் தச்சரும் கொல்லருமே கட்டினர். விரைந்து முடிப்பது குறிக்கோளாக இருக்கவில்லை. ஊரார்க்கு வேலையும் தொழிலறிவும் நிலைப்பதே குறிக்கோளாக இருந்தது. அக்குடும்பமே இன்றும் அதன் உடைமையாளர். ஒருநாளும் ‘மீட்டமைக்க’ வேண்டி வராத வீடு அது. ஆண்டுதோறும் செப்பனிடப்பட்டு வரும் வீடு.

ஆகவே ஆற்றங்கரை நகரத்தில் அத்தகைய இல்லத்தை வாங்கிப் பெருமை கொள்ளும் குடும்பத்தாரிடம் கேட்க வேண்டிய கேள்வி, கணப்பு மாடம் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதன்று. அதைச் செப்பனிட்டவர் யார்? அவருடன் வேலை பழகிய இளைஞர் எத்தனை பேர்? அடுத்த முறை ஓடு பெயரும்போது அழைக்க அவ்வூரிலேயே ஆள் உண்டா? பழங்கட்டடச் சங்கம் 1930 முதல் இளம் கட்டடக் கலைஞர்க்கும், 1980களிலிருந்து மோரிஸின் பெயராலேயே கைவினைஞர்க்கும் பயிற்சி உதவி அளித்து வருகிறது. ஆண்டுக்குச் சிலரே அதில் பயன்பெறுகின்றனர். பெரிய இல்லம் ஒவ்வொன்றும் ஒரு கொத்தருக்கோ தச்சருக்கோ பயிற்சிக் களமாக இருப்பின் நிலைமை வேறாகும்.

அரசின் பங்கோ இன்னும் இழிந்தது. பிரிட்டனில் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள வீட்டின் அமைப்பை இசைவு பெற்று மாற்றினால் 2012 வரை மதிப்புக்கூட்டு வரி இல்லை. அதே வீட்டைச் செப்பனிட்டால் முழு வரி உண்டு. மாற்றுவோர்க்குச் சலுகை, காப்போர்க்குத் தண்டம் என்பதாக இருந்தது சட்டம். 2012 அக்டோபரில் இம்முறைகேட்டை நீக்கினர். செப்பத்தின் வரியைக் குறைத்தா? இல்லை, மாற்றத்தின் மேலும் அதே 20 விழுக்காட்டை ஏற்றி. பட்டியலில் சேராத பழைய வீடு ஒன்றை அடியோடு இடித்துவிட்டு அவ்விடத்தில் புதுவீடு எழுப்பினால் அக்கட்டுமானத்துக்கு இன்றும் அவ்வரி இல்லை. ஒழுகும் கூரையில் ஓடு மாற்றும் கொத்தரின் கூலிக்கு உண்டு. ஓக் படிக்கட்டின் அழகை விருந்தினர்க்குக் காட்டி மகிழும் இல்லத்தார், தம் தொகுதி உறுப்பினர்க்கு இதைப் பற்றி ஒரு கடிதம் எழுதட்டும்.